ஞானப்பூ அம்மாளின் கடைசி வார்த்தைகள்

ஜோபின் விடிவதற்கு முன் எழுந்தான். கைலியை இறுக்கிக்கொண்டு மூன்று குடங்களோடு கீழே இறங்கினான். அடிபம்பில் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவனும் நின்றான். முறை வந்ததும் அடித்தான். இரண்டு எவர்சில்வர் குடம், ஒரு நீல பிளாஸ்டிக் குடம். எவர்சில்வர் குளிக்க, பாத்திரம் கழுவ. நீலம் குடிக்க. மாடிக்கு ஏற்றி வைத்தான். சமையலறை ஜன்னல் கட்டையில் ஒரு விரலை வைத்து இழுத்தான். விரல் கறுத்தது. ராத்திரி அனல் மின் நிலையத்திலிருந்து காற்றில் வந்து படிந்த கரி. ஈரத்துணியால் கட்டையைத் துடைத்துத் துணியை அலசினான். பாலைக் காய்ச்சிக் காப்பி போட்டு நின்றபடியே குடித்தான். நேற்றைய இட்லி இரண்டைப் பொடி தொட்டுத் தின்றான். தட்டைக் கழுவி அதையே நீலக் குடத்தின் மேல் கவிழ்த்தான். தட்டின் மேல் சின்னக் குழவிக் கல்லை வைத்தான். விளக்கை அணைத்தான், கதவைப் பூட்டினான், இறங்கினான். பாதிப் படியில் நின்றான். திரும்ப ஏறிக் கதவைத் திறந்து பார்த்தான். தட்டு இருந்தது. கல் இருந்தது. மறுபடி பூட்டினான்.

மகிமா செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலை இப்படித்தான் போகிறது.

தெருமுனையில் மாமனாரின் கடை. 'ஞானமுத்து அண்ட் சன்ஸ், மளிகை, கருப்பட்டி மொத்த வியாபாரம்' என்று போர்டு. அன்றைக்கு உடன்குடி லாரி வந்து காலடிப்பேட்டைத் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. எபினேசர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, மூட்டை இறக்குகிறவர்களையும் பின்னால் ஹாரன் அடிக்கிற ஆட்டோக்காரனையும் ஒரே மூச்சில் ஏசிக்கொண்டிருந்தார். தெற்கிலிருந்து குடும்பம் வந்து இரண்டு தலைமுறை ஆகியும் அவர் வாயை விட்டு அந்த ஊர் போகவில்லை.

"யோவ் அண்ணாச்சி, லாரிய எட்யா. ஸ்கூல் சவாரி கீது!"

"எடுக்கேன்டே! கருப்பட்டி என்ன ரெக்க கட்டியா பறக்கும்? மாப்ள, நீரு எங்க ஓடுதீரு? நில்லும்."

"பிரஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா."

"பிரஸ் வேலைதான் இதுவும்."

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். கனத்தது. கருப்பட்டி வாசமும் பாச்சை உருண்டை வாசமும் சேர்ந்து அடித்தது.

"தாத்தா வெளம்பரம் வந்த பத்திரிகை. 'தேரி மித்திரன்'. வெள்ளக்காரன் காலத்துல ஊர்ப்பக்கம் வாரா வாரம் வந்தது. என் சித்தப்பா மவன் பரண்ல கெடந்துதுன்னு கருப்பட்டியோட ஏத்தி விட்டுட்டான். ஒரு வருசத்துப் பேப்பர் மொத்தமும் ஒரே பைண்டு. அதுல நம்ம தைலத்து வெளம்பரம் இருக்கும். அதத் தேடி எடுத்து பிள்ளைக்க பக்கத்துல போடணும்."

பிள்ளைக்க பக்கம் என்றால் மகிமாவின் முதலாம் ஆண்டு நினைவுப் பக்கம். ஜோபின் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் அச்சாகிற வாரப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம். அதே பக்கம் பேனராக டோல்கேட்டில் ஏறும். வார்டு தேர்தல் வருகிறது. எபினேசர் கட்சியில் சீட் கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நேர்காணலுக்குப் போகப்போகிறார்.

"மேல தலைவர்மாரு படம். நடுவுல நம்ம மகிமா. கீழ தாத்தா வெளம்பரம், 'தொண்ணூறு ஆண்டுகளாக மக்களோடு'ன்னு. அப்புறம் இது." சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்திருந்தது. அவர் கையெழுத்து.

'மகிமா கடைசியாகச் சொன்னது: அப்பா, இந்தச் சாலையில் இனி ஒரு பிள்ளையும் சாகக் கூடாது. நம் மக்களுக்காக நீங்கள்தான் நிற்க வேண்டும். நேரில் கேட்டவர்: கணவர் ஜோபின், எம்.ஏ.'

ஜோபின் இரண்டு முறை படித்தான். மூட்டை தூக்கியவர் ஒருவர் வழி கேட்க, ஒதுங்கி நின்று மறுபடி படித்தான்.

"என் பேரு எதுக்கு மாமா?"

"மாவட்டச் செயலாளர் கேக்காரு. யாரு கேட்டது, எப்பக் கேட்டதுன்னு. நான் அங்க இல்லங்கது ஊருக்கே தெரியும். உம்ம பேரு கெடந்தா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

"அவ இப்படிச் சொன்னாளா?"

எபினேசர் லாரிப் பக்கம் திரும்பினார். "ஏலே, அந்த ஓலைக் கொட்டானப் பாத்து எறக்கு!" பிறகு அவனைப் பார்க்காமலே, "சாயங்காலம் மிஷின்ல ஏறணும். நான் வந்து பாக்கேன்" என்றார்.

ஜோபின் காகிதத்தைப் பைண்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தான். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த நிறுத்தம்வரை நடந்தான். அங்கும் ஏறவில்லை. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நெடுஞ்சாலையை நிறைத்துக்கொண்டு நின்றன. டிரைவர்கள் இறங்கி டயர் நிழலில் உட்கார்ந்து பல் துலக்கினார்கள்.

மகிமா ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு பார்த்தாள். காலையில் இதே சாலையில் ஸ்கூட்டியில் போனாள். ராத்திரி தூறல், சாலையெல்லாம் சாம்பல் சேறு. வண்டி சறுக்கியது. பின்னால் லாரி. அவ்வளவுதான். ஜோபின் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நினைவோடு இருந்தாள், பேசினாள். எபினேசர் போனபோது துணியால் மூடியிருந்தார்கள்.

வராந்தாவில் யாரோ கேட்டார்கள், ஏதாவது சொன்னாளா என்று. ஜோபின் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவன் கொடுத்த சாட்சி அவ்வளவுதான். ஆனால் அவர்கள் ஜனத்தில் ஒருவர் செத்தால் கடைசி வார்த்தை இல்லாமல் அடக்கம் நடப்பதில்லை. சபைப் பாதிரி ஐயர் குழிமேட்டில் நின்று அதைச் சொல்லித்தான் ஜெபத்தைத் தொடங்குவார். அதனால் அன்று மாலையே ஒரு சித்தி, 'இயேசப்பா' என்றுதான் சொல்லியிருப்பாள் என்றாள். மறுநாள் காசிமேட்டுக் கல்லறையில் ஐயர் அதை ஒரு முழு வசனமாகச் சொன்னார். வீட்டு ஜெபக் கூட்டத்தில், அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. வியாபாரிகள் சாலை மறியல் செய்தபோது எபினேசர் மைக்கைப் பிடித்து, "எம் பிள்ள சாகும்போது இந்த ரோட்டப் பத்தித்தான் பேசினா" என்றார். கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். ஜோபின் பக்கத்தில்தான் நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

மகிமா வாழ்நாளில் ஒரு தடவைகூட 'நிற்க வேண்டும்' என்று ஏட்டுத் தமிழில் பேசியவள் அல்ல. காலடிப்பேட்டையிலேயே பிறந்து, தெருப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். "ஒரு மாதிரி பேசுதா பாரு, மீன்காரி கணக்கா" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "ஐயே, ஓவரா பண்ணாதம்மா" என்பாள் இவள்.

பிரஸ் டோல்கேட்டில், ஒரு டயர் கடை மாடியில். முதலாளி ரஹீம் பாய் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், பேனர் எல்லாம் அடிப்பார். கூடவே 'கடலோரச் செய்தி' என்று வாரம் நாலு பக்கம். இலவசம். மூன்றரைப் பக்கம் விளம்பரம், மிச்சத்தில் செய்தி. ஜோபின் சரித்திரம் படித்தவன். படிப்புக்கு வேலை கிடைக்காமல் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டு இங்கே வந்தவன்.

"இன்னா மாமு அது, கருவாட்டு மூட்டையா?" என்றார் ரஹீம் பாய்.

"பழைய பேப்பர் பாய். எங்க மாமனாரோட தாத்தா விளம்பரம் இருக்காம்."

"பாத்து, தும்மிடாத. தும்முனா பறந்துடும் போலக்கீது." கிட்டே வந்து கம்ப்யூட்டர் திரையில் மகிமாவின் பக்கத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்தார். "மாமு, மாவட்டம் மூஞ்சி சின்னதா கீது. போன தபா இப்டித்தான் ஒருத்தர் படத்த கட்டவெரல் சைஸ்ல போட்டு, ஆளுங்க வந்து கலாட்டா பண்ணிட்டாங்கோ. பேஜாராயிடும்."

"இடம் இல்ல பாய்."

"கொஞ்சம்..." ரஹீம் பாய் விரலால் காற்றில் மகிமாவைச் சுருக்கிக் காட்டினார். "கோச்சிக்காத. தொழிலு."

ஜோபின் மவுஸைப் பிடித்து மகிமாவைச் சுருக்கினான். அவள் கம்மல் தெரியாமல் போனது. மாவட்டச் செயலாளர் பெரிதானார். மேலே தலைவர்கள் வரிசை, வலது மூலையில் கைகூப்பிய எபினேசர், கீழே காலிக் கட்டம் ஒன்று. கடைசி வார்த்தைக்கான கட்டம். எழுந்து டீக்கடைக்குப் போனான். டீ சொல்லிவிட்டு வாங்காமல் திரும்பி வந்தான்.

பிறகு பைண்டைத் திறந்தான். தாள்கள் பழுத்துப்போய், ஓரம் தொட்டால் அப்பளம்போல் உடைந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டி ஸ்கேனரில் வைத்தான். முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான். செய்தியெல்லாம் உள்ளே. கொழும்புக் கப்பல் டிக்கெட், ரங்கூன் குடை, சீமைச் சைக்கிள், இளைத்த தேகம் தேறப் பச்சிலை லேகியம். ஒவ்வொரு மருந்துக்கும் கீழே குணமானவர்களின் நற்சாட்சி. நடக்க மாட்டாத ஒருவர் நடந்தார். பிள்ளையில்லாதவருக்கு இரட்டைப் பிள்ளை. எல்லோருக்கும் ஊர் பேரும் உத்தியோகமும் போட்டிருந்தது.

வருஷத்தின் ஆரம்ப இதழ் ஒன்றிலேயே ஞானமுத்து கிடைத்தார்.

'ஞானமுத்து சஞ்சீவித் தைலம். என் பத்தினி ஞானப்பூ அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடையும் தருவாயில் உச்சரித்த கடைசி வார்த்தை: "தைலம்." சீசா 1-க்கு அணா 4. தபால் செலவு வேறு.'

இதுதான் மாமா கேட்டது. ஸ்கேன் செய்தான். வேலை முடிந்தது. ஆனால் கை அடுத்த இதழைப் புரட்டியது. அதிலும் அதே விளம்பரம், அதே பனைமரப் படம். மூன்றாவதில் ஒரு வரி மாறியிருந்தது. கடைசி வார்த்தை: "தைலத்தை யாவருக்கும் கொடுங்கள்."

ஜோபின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வெயில் காலத்து இதழ்களில் ஞானப்பூ அம்மாள் இன்னும் கொஞ்சம் பேசினாள். "தைலத்தை ஏழை எளியோர் யாவருக்கும் கொடுங்கள். மொத்தமாய் வாங்குவோருக்குக் கமிஷன் உண்டு."

"இன்னாது!" ரஹீம் பாய் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "சாவும்போது கமிஷன் பேசிக்கீதா அந்தம்மா?"

"இன்னும் இருக்கு பாய்."

யாரோ போட்டிக்குத் தைலம் காய்ச்சியிருக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் அவள் எச்சரித்தாள். "போலிகளைக் கண்டு மோசம் போகாதிருங்கள். சீசாவில் பனைமர முத்திரை உண்டா என்று பாருங்கள்." பிறகு ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு நிறத்தில் வோட்டுப் பெட்டி வைப்பார்கள். பத்திரிகையின் இடது பக்கம் முழுக்கச் சிவப்புப் பெட்டிக்காரரின் விளம்பரம். வலது பக்கம் பச்சைப் பெட்டி. பச்சைப் பெட்டி ஞானமுத்துவேதான்.

"ரெண்டு பேராண்டயும் துட்டு வாங்கிகினு பக்கத்துல பக்கத்துல போட்டுக்கீறான் பாரேன்" என்றார் ரஹீம் பாய் மரியாதையோடு. "கில்லாடிப்பா. எனக்கு மேல."

பச்சைப் பெட்டிக்குக் கீழே அதே பனைமரம், அதே ஞானப்பூ அம்மாள். கடைசி வார்த்தை: "தைலத்தை யாவருக்கும் கொடுங்கள். என் புருஷன் ஜில்லா போர்டுக்கு நிற்பாரேயாகில், ஜனங்களே, உங்கள் வோட்டைப் பச்சைப் பெட்டியில் போடுங்கள்."

ரஹீம் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையில் இருந்த மற்ற பக்கத்தைப் பார்த்தார். சுருங்கிப்போன மகிமா, காலிக் கட்டம். சிரிப்பு நின்றது. "நான் மிஷினப் பாக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாடு எப்போதும் மாமனார் வீட்டில்தான். மாமியார் தங்கபுஷ்பம் சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டி போடுவது அவள் பழக்கம். சோற்றைப் போட்டுவிட்டு உட்கார மாட்டாள். அடுப்புக்கும் அவன் இலைக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பாள். மகள் போனதிலிருந்து இப்படி.

"சாப்பிடும் எய்யா. கையிலே வச்சு உருட்டிக்கிட்டு இருக்கீரே."

"சாப்பிடுறேன் அத்தை."

"அந்தப் பக்கத்துல சேப்பு கலர் சேலைப் படம்தான போட்டுருக்கு? நீல சுடிதார் வேண்டாம். அதுல பல்லு தெரியும்."

"சேலைதான்."

"மாமா உம்மகிட்ட ஏதோ கையெழுத்து கேட்டாராமே."

"கையெழுத்து இல்ல. பேரு."

"ரெண்டும் ஒண்ணுதான்." மீன் துண்டு ஒன்றை முள் பார்த்து அவன் சோற்றில் வைத்தாள். "குடுத்துரும் எய்யா. அந்த மனுசன் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? சாமத்துல எந்திரிச்சு உக்காந்து, 'ஏட்டி, அவ என்னத் தேடிருப்பாளோ'ங்காரு. நான் என்னன்னு சொல்ல?"

ஜோபின் மீன் துண்டை இலை ஓரத்துக்குத் தள்ளினான்.

"அத்தை, அவ என்ன சொன்னான்னு நீங்க என்னக் கேட்டதே இல்ல."

தங்கபுஷ்பம் முதல்முறையாக நின்றாள். கையில் அகப்பை.

"எனக்கு ஐயர் சொன்ன வசனம் இருக்கு. ராத்திரி அதச் சொல்லிட்டுத்தான் படுக்கேன். அது நெசமா பொய்யான்னு நான் கேக்கல. நீரும் சொல்லாதேயும்." மறுபடி நடந்தாள். "மோர் ஊத்தட்டா?"

அவன் பாதியில் கை கழுவினான். வெயிலில் நடந்தே டோல்கேட்டுக்கு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. வழியில் ஒரு சுவரில் வரிசையாகக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள். செத்தவரின் முகம் எது, அஞ்சலி செலுத்துகிறவர் முகம் எது என்று நின்று பார்த்தால்தான் தெரிந்தது. இதில் பாதியை அவனே செய்திருந்தான்.

பிரஸ்ஸில் உட்கார்ந்தான், எழுந்தான். அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினான். கட்டத்துக்குள் 'அப்பா' என்று அடித்தான். அழித்தான். 'நேரில் கேட்டவர்' என்று அடித்தான். அதையும் அழித்தான். தன் பேரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது தன் பேராகத் தோன்றவில்லை. பேரைக் கொடுத்தால் நாளைக்கு அது டோல்கேட்டில் இருபதடி உயரத்தில் ஏறும். அதற்கப்புறம் மகிமா அதைத்தான் சொன்னாள் என்று ஆகிவிடும். அவனே ஒருநாள் அப்படித்தான் என்று நம்பிவிடக்கூடும். அதுதான் அவனை உட்காரவிடவில்லை. அவளிடமிருந்து அவனுக்கென்று மிச்சமிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

பைண்டில் மிச்சமிருந்த இதழ்களையும் ஸ்கேன் செய்தான். ஞானமுத்துவின் விளம்பரங்களை மட்டும் வெட்டி எடுத்து, வாரம் வாரமாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே நீளத் தாளாக அச்செடுத்தான்.

வெயில் தாழ்ந்ததும் எபினேசர் வந்தார். புதுச் சட்டை, பையில் கட்சிப் பேனா. படியேறிய மூச்சு அடங்கவில்லை.

"ஆச்சா மாப்ள? பாய், மிஷின் ஓடுதா?"

"அல்லாம் ரெடி அண்ணாச்சி. ஒரு கட்டம் மட்டும் காலியா கீது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எபினேசர் திரையைப் பார்த்தார். மகளின் முகத்தில் கண் நின்றது. "ஏன் இம்புட்டுச் சின்னதாப் போட்டிருக்கீரு?"

"மாவட்டத்துக்கு இடம் வேணும்னாங்க."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "தாத்தா வெளம்பரம் கெடச்சுதா?"

ஜோபின் அந்த நீளத் தாளைக் கொடுத்தான். "மேலேர்ந்து படிங்க மாமா."

எபினேசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். பனைமரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பாத்தீரா, அந்தக் காலத்துலயே படத்துக்கு ப்ளாக்கு போட்டு..." கமிஷன் வந்த இடத்தில் தொடையில் தட்டிச் சிரித்தார். "கெழவன் கெட்டிக்காரன்வே! பொஞ்சாதி செத்த எடத்துலயும் வியாபாரம் பண்ணிருக்கான்." போலித் தைலத்தில் இன்னும் சிரித்தார். பச்சைப் பெட்டியில் குரல் கொஞ்சம் இறங்கியது. அதை மனசுக்குள் மறுபடி படித்தார்.

"எலெக்சன் எப்ப வந்துது?"

"வருஷக் கடைசியில."

"ஆச்சி செத்தது?"

"அதுக்கு முன்ன. தை மாசத்திலயே விளம்பரம் வருது."

"அப்ப எப்படி...?" என்று தொடங்கியவர் நிறுத்தினார். உள்ளே மிஷின் ஒருமுறை கனைத்து நின்றது. "ஜெயிச்சாரு. ஜில்லா போர்டு மெம்பருன்னு கடைக் காலண்டர்ல போட்டுருக்கோம்லா."

"இல்ல மாமா. சிவப்புப் பெட்டி ஜெயிச்சுது. அதுக்கு அடுத்த வார விளம்பரம் கடைசியில இருக்கு, பாருங்க."

எபினேசர் தாளின் அடிப்பகுதியைத் தூக்கிப் பிடித்தார். தேர்தல் முடிந்த வாரம் ஞானப்பூ அம்மாள் வோட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். கடைசி வார்த்தை: "தைலத்தை யாவருக்கும் கொடுங்கள். சாமான் விலை ஏறினபடியால் இனி சீசா அணா 5."

அவர் சிரிக்கவில்லை. விரல் தாளின் மேல் மெதுவாக ஏறியது. ஐந்தணாவிலிருந்து பச்சைப் பெட்டிக்கு, முத்திரைக்கு, கமிஷனுக்கு, ஏழை எளியோருக்கு. எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது.

"மொத வாரம் ஒத்த வார்த்தைதான்."

"ஆமா."

"தைலம்."

"ஆமா மாமா."

"இது நெசமாருக்கும்."

"இருக்கும். வலிச்சிருக்கும். கேட்டிருப்பாங்க."

எபினேசர் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. அது அடங்கும்வரை இருந்தார். பிறகு திரையைப் பார்த்துப் பேசினார், மாப்பிள்ளையைப் பார்த்து அல்ல.

"அத்திப்பட்டுல கேன்டீனுக்கு லோடு எறக்கிட்டு இருந்தேன். போன் வந்துது. அப்பிடியே போட்டுட்டு வந்தேன். வழி நெடுக லாரி. ஒருத்தனும் ஒதுங்கல. எறங்கி ஓடுனேன் மாப்ள, இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு. வந்து பாத்தா மூடிட்டாவ. தொறந்து மூஞ்சியப் பாத்தேன். வாயி கொஞ்சம் தொறந்துருந்துது. ஏதோ சொல்லிட்டு நிறுத்துன மாதிரி. எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லலையே! இருபத்தாறு வருசம் அப்பா அப்பான்னு கெடந்தவ. ஒண்ணும் இல்லாம எப்படி நான்..."

முடிக்கவில்லை. கைக்குட்டை தேடினார், கிடைக்கவில்லை, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"அந்தக் கட்டத்த எடுத்துரும்."

ஜோபின் மவுஸைப் பிடித்தான். கட்டம் போனது. அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

"அவ படத்தப் பெருசாக்கும். அந்த எடம் வரைக்கும்."

"மாவட்டம்?"

"அவரு சின்னதா இருக்கட்டும். சீட்டு குடுத்தா குடுக்கான், குடுக்காட்டிப் போறான்." ஆனால் அதைச் சொல்லும்போது கை சட்டைப்பைப் பேனாவைத் தடவியது. ஜோபின் படத்தை இழுத்தான். மகிமா வளர்ந்தாள். கம்மல் மறுபடி தெரிந்தது.

எபினேசர் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தன் துண்டுக் காகிதத்தைப் பிய்த்தெடுத்து, கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எழுந்தார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

"மாப்ள. நெசமா என்ன சொன்னா?"

ஜோபின் மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"இது நாள் வரைக்கும் நான் கேக்கல. பயம். இப்பக் கேக்கேன்."

"அச்சுல வரக் கூடாது மாமா."

"வராது."

"மைக்குலயும்."

எபினேசர் உடனே சொல்லவில்லை. அந்த யோசனையை ஜோபின் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

"மைக்குலயும் வராது. கர்த்தர் மேல ஆணை. ஏம்வே, அப்படி என்ன சொல்லிட்டா?"

"ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா அதுவும் விளம்பரத்துக்கு ஆவும் மாமா. நல்லாவே ஆவும். அதான் யார்கிட்டயும் சொல்லல."

எபினேசர் போனை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தார். ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். மிஷின் பக்கமிருந்து ரஹீம் பாய் எட்டிப் பார்த்து, கதவை மெல்லச் சாத்தினார்.

"எக்ஸ்ரே ரூமுக்கு வெளியில ட்ராலியில படுத்திருந்தா" என்றான் ஜோபின். "முன்னாடி ரெண்டு பேர் இருந்தாங்க. வலிக்குதான்னு கேட்டேன். பதில் சொல்லல. மேல ஃபேன் ஓடல, அதையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி முழிச்சா. என் சட்டையப் புடிச்சுக் கிட்ட இழுத்தா. கையெல்லாம் சேறு. அந்த அவசரத்துல நானும் தலையத்தான் ஆட்டினேன், சரியாக்கூட பதில் சொல்லல. அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க, தள்ளிட்டுப் போயிட்டாங்க."

"என்னன்னு சொன்னா?"

"'ஜோபி, நீலக் கொடத்த மூட்னியா? கரி வுழுந்துடும்.'"